‘இழை’ என்று கூவிய காலை

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால், முட்டிவலியில் ஆரம்பித்து, இந்தக் காலத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கூட்டம் சேர்ந்துகொண்டு அடித்துக்கொள்வதில் வந்து முடிக்கிறோம். “நம்ம காலத்துல இப்படியெல்லாம் உண்டா?” என்று ஒருவர் கேட்பார். எல்லாரும் இல்லை இல்லை என்று தலையாட்டுவோம். நானும் ஆட்டியிருக்கிறேன். அது சுத்தப் பொய். நம் காலத்திலும் உண்டு. ஒரு கூட்டம் என் தம்பியைக் குழிக்குள் இறக்கி மூடிவைத்தது. அதற்கு நாங்கள் என்ன செய்தோம் என்பதைச் சொல்லத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். கிழவி பெருமையடிக்கிறாள் என்பீர்கள். ஆமாம், அடிக்கத்தான் போகிறேன். இத்தனை வருஷம் அடக்கிவைத்ததே பெரிய விஷயம்.

அது சண்டைக் காலம். மண்ணெண்ணெய்க்கு வரிசை, அரிசிக்கு வரிசை. ஜப்பான்காரன் மதுரைக்கு வந்து குண்டு போடுவான் என்று பெரியவர்கள் நம்பினார்கள். கோயிலுக்குத் தெற்கே இருந்த எங்கள் பள்ளிக்கூடத்தின் பின்புறம், வேப்பமரத்தடியில், ஆள் உயரத்துக்குப் பதுங்கு குழி வெட்டிவிட்டார்கள். விமானம் வந்தால் நாங்கள் எல்லாரும் அதற்குள் குதிக்க வேண்டுமாம். விமானம் வரவில்லை. ஐப்பசி மழைதான் வந்தது. குழியில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது, தவளைகள் குடியேறின. யாரும் தவறி விழக் கூடாது என்று மேலே தென்னந்தட்டி ஒன்றைப் போட்டு மூடி, அத்தோடு பெரியவர்கள் மறந்துவிட்டார்கள்.

பிள்ளைகள் மறக்கவில்லை. எட்டாம் வகுப்பில் ‘பட்டாளம்’ என்று ஒரு கூட்டம் இருந்தது. அதற்கு ஒரு கேப்டன். காக்கி நிஜார், பித்தளைப் பொத்தான், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் விசில். சின்ன வகுப்புப் பிள்ளைகள் அவனைப் பார்த்தால் சல்யூட் அடிக்க வேண்டும். அடிக்க மறந்தால் பலப்பம் போகும், தூக்குச்சட்டியில் இருக்கிற தோசை போகும். எதிர்த்துப் பேசினால் குழிக்குள் இறக்கி நிற்கவைப்பான். அதற்கு ‘ஜெயில்’ என்று பெயர். அந்தத் தண்ணீரின் நாற்றம் இன்றைக்கும் எனக்கு மூக்கில் இருக்கிறது. வேப்பம்பழம் ஊறிய நாற்றம்.

கேப்டன் நூல் கடை முதலாளியின் மகன். இது சாதாரண விஷயம் இல்லை. எங்கள் தெரு முழுக்க நெசவுக்காரர்கள், வீட்டுக்குள் எங்கள் பாஷை, வாசலைத் தாண்டினால் தமிழ். சண்டைக் காலத்தில் நூலுக்குப் பெரிய தட்டுப்பாடு. எங்கள் தெருத் தறிகள் எல்லாம் அந்த ஒரு கடையின் நூலை நம்பித்தான் ஓடின. அவனுடைய பட்டாளத்தில் இருந்தவர்களும் எங்கள் தெருப் பையன்கள்தான். அவன் விசிலுக்கு ஓடியவர்கள் பாதிப் பேர் பயத்தில் ஓடினார்கள். மீதிப் பேர் பயப்படுத்துகிற பக்கம் நின்றால் பயப்பட வேண்டாம் என்று ஓடினார்கள்.

அந்தக் கூட்டத்துக்கு அடங்காத ஒரே ஆள், எட்டாம் வகுப்பிலேயே படித்த ஒரு கோச்சடைப் பையன். விவசாயக் குடும்பம். ஊருக்கு மேற்கே இருந்த அந்தக் கிராமத்திலிருந்து தினமும் நடந்தே வருவான். குதிகாலில் வயல் சேறு காய்ந்திருக்கும். தாமதமாகப் பள்ளியில் சேர்ந்ததால் எங்களையெல்லாம் விட ஒரு முழம் உயரம், அரும்பு மீசை வேறு. சாதாரணமாகப் பேசினாலே சண்டை பிடிப்பதுபோல் இருக்கும். வாத்தியார்களுக்கு அவனைக் கண்டாலே ஆகாது. எங்களுக்கு அவன் மடியிலிருந்து வருகிற கொய்யாக்காயும் அவித்த கடலையும் போதும். “இந்தா தாயி, தின்னு. யாராச்சும் புடுங்குனா எங்கிட்டச் சொல்லு” என்பான். அவன் குடும்பத்தில் எட்டாவது பரீட்சை எழுதப் போகிற முதல் ஆள் அவன். அதை அவனே எங்களிடம் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறான்.

இந்த இடத்தில் எங்கள் தெருப் பழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அது தெரியாவிட்டால் மற்றது புரியாது.

தறியில் ஏற்றுவதற்கு முன்னால் பாவு நூலை, அதாவது துணியின் நீளவாக்கில் ஓடும் இழைகளை, தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, காயவைப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிய வேண்டும் என்பதால் தெருவே கை கொடுக்கும், பிள்ளைகள் உட்பட. கஞ்சியின் புளித்த வாசனையோடுதான் எங்களுக்கு விடியும். இழுத்துக் கட்டிய பாவில் ஓர் இழை அறுந்தால், முதலில் பார்த்தவர் “இழை!” என்று கூவ வேண்டும். கூவிய நொடியில் தெருவில் யாரும் அசையக் கூடாது. ஒரு காலைத் தூக்கியிருந்தால் தூக்கியபடியே நிற்க வேண்டும். யாராவது இடித்தால் அறுந்த நுனி மற்ற இழைகளுக்குள் ஓடி மறைந்துவிடும், பிறகு தேடி மாளாது. பாவை ஒட்டி நிற்பவர்கள் இரண்டு உள்ளங்கையையும் மேல்நோக்கி விரித்து, நூலுக்கு அடியில் கொடுத்துத் தாங்குவார்கள். கூவியவர் போய் அறுந்த இடத்தைக் காட்டுவார். முடிச்சுப் போட்டு “ஆச்சு” என்று சொன்ன பிறகுதான் தெரு நகரும். யார் அறுத்தது என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். எங்கே அறுந்தது என்பதுதான் கேள்வி. நடக்கப் பழகும் முன்பே நாங்கள் இப்படி நிற்கப் பழகினோம்.

இனி என் தம்பி. அப்போது இரண்டாம் வகுப்பு. அப்பாவின் தறியில் குறுக்கே ஓடி ஓடித் தேய்ந்த நாடா ஒன்று இருந்தது, நூல் கண்டை வைக்கிற மரக்கட்டை. இரண்டு முனையும் கூர்மையாக, நடுவில் குழிவாக, படகு மாதிரியே இருக்கும். அதைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டார். மழைத் தண்ணீர் ஓடுகிற சாக்கடையெல்லாம் அவனுக்கு ஆறு. தூங்கும்போதும் அது கையில் இருக்கும்.

அன்று மத்தியானம் கேப்டன் அதைக் கேட்டான். தம்பி கொடுக்கவில்லை. சல்யூட்டும் அடிக்கவில்லை. கேப்டன் அதைப் பிடுங்கிக் குழிக்குள் எறிந்தான். “போ, போயி எடுத்துக்க” என்று பையனையும் இறக்கிவிட்டு, தட்டியை இழுத்து மூடி, மேலே கல்லைத் தூக்கி வைத்தான். வேப்பமரத்தடியில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் சோறு தின்றுகொண்டிருந்தோம். நான் ஐந்தாம் வகுப்பு. எழுந்து ஓடினேன். பட்டாளத்துப் பையன்கள் கையைக் கோத்துக்கொண்டு மறித்தார்கள். கேப்டன் எங்களைப் பார்த்து மெதுவாகச் சொன்னான்: “எவளாச்சும் எவனாச்சும் வாயத் தொறந்தீங்க, நாளைக்கு உங்கப்பனுக்கு நூல் கெடையாது. எங்கப்பாகிட்டச் சொல்லிருவேன்.”

மணி அடித்தது. மழையும் பிடித்துக்கொண்டது. எங்களை வகுப்புக்குள் விரட்டினார்கள். நான் வாத்தியாரிடம் வயிற்றுவலி என்று சொல்லி வெளியே ஓடிவந்தபோது, கோச்சடைப் பையன் தட்டியைத் தள்ளிவிட்டுத் தம்பியைத் தூக்கிக்கொண்டிருந்தான். அழுகைச் சத்தம் கேட்டு வந்திருக்கிறான். தம்பியின் நெற்றியில் ரத்தம், உதடு நீலம். அந்த நேரம் பார்த்து டிரில் வாத்தியார் வந்தார். முரட்டுப் பையன், சேற்றுக் கால், கையில் ரத்தத்தோடு ஒரு குழந்தை. அவருக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

“நா தூக்கித்தேன் விட்டேன் சார்.”

“வேற யார் உள்ளே போட்டது?”

“அது தெரியாது சார். நா பாக்கலையே!”

அவன் நிஜமாகவே பார்க்கவில்லை. பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்ல அவனுக்குத் தெரியாது. பெரிய வாத்தியார் அவனுடைய அப்பாவைக் கூட்டிக்கொண்டு நாளைக் காலை வரச் சொன்னார். பதிவேட்டிலிருந்து அவன் பெயரை எடுத்துவிடப் போகிறார்கள் என்று சாயங்காலத்துக்குள் பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

தம்பிக்குக் காய்ச்சல். அதைவிட மோசம், பேச்சு நின்றுவிட்டது. கூப்பிட்டால் பார்ப்பான், வாய் திறக்கமாட்டான். வேப்பமரத்துக் காத்துக்கருப்பு அடித்துவிட்டது என்று அம்மா அவனைப் பள்ளிவாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய் ஓதி ஊதவைத்துக் கூட்டி வந்தாள். நான் நடந்ததைச் சொன்னேன்; எங்கள் பாஷையில் பேசிக்கொண்டதை இங்கே தமிழில் எழுதுகிறேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். “பேசாமக் கெட. நூல் நிண்டா அடுப்பு நிண்டுரும்.”

அப்பா தறிக் குழியில் கால்விட்டு உட்கார்ந்திருந்தார். “நீ கண்ணால பார்த்தியா?” என்று மட்டும் கேட்டார்.

“பார்த்தேன்.”

அவ்வளவுதான். தறிக்குள் குனிந்துகொண்டார். எனக்கு அவர்மேல் வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. கோழை என்று நினைத்தேன். சொல் என்றும் சொல்லாதே என்றும் சொல்லாமல், ஒரு பத்து வயதுப் பெண்ணை நம்பி அதை அவளிடமே விட்டுவைத்திருக்கிறார் என்பது, எனக்குப் பிள்ளைகள் பிறந்து அவர்கள் என்னிடம் கேள்வி கேட்ட பிறகுதான் புரிந்தது.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. முற்றத்தில் பிரார்த்தனைக்கு வகுப்புவாரியாக நின்றோம். படிக்கட்டில் கோச்சடைப் பையன், பைக்கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் அவன் அப்பா, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு. “அய்யா, பய முரடுதேன்யா. ஆனா பொய் சொல்லமாட்டான்யா” என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். பெரிய வாத்தியார் அவர் பக்கம் பார்க்கவே இல்லை. எங்களைப் பார்த்துச் சொன்னார்: “சின்னப் பிள்ளையைக் குழியில் தள்ளியவனுக்கு இந்தப் பள்ளியில் இடம் இல்லை. இவன் பெயரை இன்றோடு எடுக்கிறேன். எல்லாரும் வகுப்புக்குப் போங்கள்.”

வரிசைகள் நகர ஆரம்பித்தன. எட்டாம் வகுப்புதான் முதலில். கேப்டன் முன்னால் நடந்தான். நடக்கும்போது அவன் விசில் பொத்தானில் இடித்து டிங் டிங் என்றது. கோச்சடைப் பையன் அழுதுகொண்டிருந்தான். அத்தனை பெரிய உருவம் சத்தமில்லாமல் அழுததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நான் எதையும் யோசித்துச் செய்யவில்லை. தொண்டையிலிருந்து தானாக வந்தது.

“இழை!”

பெண்பிள்ளை முற்றத்தில் குரல் உயர்த்தக் கூடாது என்று வளர்ந்தவள் நான். அந்தக் குரல் சுவரில் இடித்துத் திரும்பி வந்தது. முற்றம் நின்றுவிட்டது. எங்கள் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும், ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை, வைத்த கால் வைத்தபடி. அவர்களைப் பார்த்து மற்றவர்களும் நின்றார்கள். பட்டாளம் நின்றது. ஆமாம், பட்டாளமும்தான்! அவர்களும் அதே தெருவில் கஞ்சி வாசனையில் பிறந்தவர்கள்தானே. அவன் விசிலை அவர்கள் ஒரு வருஷமாகத்தான் கேட்கிறார்கள், அந்தக் கூவலைத் தொட்டிலிலிருந்து கேட்கிறார்கள்.

கேப்டன் மட்டும் நடந்துகொண்டிருந்தான். முதலாளி வீட்டுப் பிள்ளை, பாவு பிடித்ததே இல்லை. அவனுக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியாது. டிங் டிங் என்று வாசற்படி வரை போய்விட்டுத் திரும்பிப் பார்த்தான். பின்னால் ஒருவரும் இல்லை.

பெரிய வாத்தியார் பிரம்போடு இறங்கி வந்தார். “என்ன இது? யார் கத்தினது?”

“நாந்தான் சார்.”

“என்ன கத்தினே?”

“இழை அறுந்துருச்சு சார்.”

கூவியவள்தான் போய் இடத்தைக் காட்ட வேண்டும். நடந்தேன். கேப்டனுக்கு முன்னால் போய் நின்று விரலை நீட்டினேன். “என் தம்பியக் குழிக்குள்ள எறக்குனது இவன் சார். தட்டிய மூடிக் கல்லு வச்சதும் இவன்தான். கோச்சடை அண்ணே தூக்கிவிட்டாரு.”

“பொய் சார்!” என்றான் கேப்டன். “இவ அப்பன் எங்க கடையில நூலுக்குக் கையேந்துறவன் சார்!”

பெரிய வாத்தியார் திரும்பினார். “வேற யாராவது பார்த்தீங்களா?”

எல்லாருக்கும் அப்பா இருந்தார், எல்லார் வீட்டிலும் தறி இருந்தது. முடிந்தது என்று நினைத்தேன். அப்போது மூன்றாம் வகுப்பு வரிசையில், மூக்கு ஒழுகிக்கொண்டு நின்ற ஒரு பொடிசு, இரண்டு உள்ளங்கையையும் மெல்ல விரித்து நீட்டியது, பாவைத் தாங்குவதுபோல. பக்கத்தில் இன்னொரு ஜோடிக் கை. அடுத்த வரிசை. பிறகு முற்றம் முழுக்கக் கைகள். கடைசியில் பட்டாளத்துப் பையன்களின் கைகளும் நீண்டன. அதில் எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் விம்மிக்கொண்டே சொன்னான்: “அவ சொல்றது நெசம் சார். நாங்கதான் சார் மறிச்சோம்.”

நீட்டிய கைகளைப் பெரிய வாத்தியார் பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்குத் தெரிந்தவரை பிள்ளைகள் உள்ளங்கையை நீட்டுவது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். ஒரு பையனைக் காப்பாற்ற பள்ளிக்கூடமே அடி வாங்கக் கை நீட்டுகிறது என்று நினைத்துவிட்டார். பிரம்பு மெல்லக் கீழே இறங்கியது. ஓய்வு பெறும் வரை இதை அப்படித்தான் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக் கண்கலங்கினாராம். நாங்கள் யாரும் திருத்தவில்லை.

அவர் கோச்சடைக்காரரிடம் போனார். “உங்க பையனை வகுப்புக்குப் போகச் சொல்லுங்க” என்றார். கோச்சடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. “எந்த வகுப்புக்குய்யா?” என்று கேட்டார். சிரிக்க வேண்டிய இடம், யாரும் சிரிக்கவில்லை. பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எட்டாம் வகுப்புக்குள் நுழைந்ததும், “எல்லாரும் போங்கள்” என்றார் பெரிய வாத்தியார். ஒருவரும் அசையவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“ஆச்சு” என்றேன். கைகள் இறங்கின.

அதோடு பட்டாளம் கலைந்தது. கேப்டனுக்குக் கிடைத்த பிரம்படியால் இல்லை. அதற்குப் பிறகும் இரண்டு நாள் விசில் ஊதிப் பார்த்தான், வருவதற்கு ஆள் இல்லை. மூன்றாம் நாள் விசில் கழுத்தில் இல்லை. ஒரு மாதம் தனியாகச் சாப்பிட்டான். பிறகு கோச்சடைப் பையன் அவனுக்கும் ஒரு கொய்யா கொடுத்ததைப் பார்த்தேன். எனக்குப் பிடிக்கவில்லை. எனக்கு அவ்வளவு பெரிய மனசு கிடையாது.

ஆனால் கேப்டன் சொன்னபடியே எங்கள் வீட்டுக்கு நூல் நின்றது. அப்பா கடைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினார். தறி நின்றால் வீட்டில் எவ்வளவு சத்தம் குறையும் என்று அன்றுதான் தெரிந்தது. அம்மா என்னைத் திட்ட வாயெடுத்தாள். “அவளை ஒண்ணும் சொல்லாதே. கூவ வேண்டியதுதான் கூவுனா” என்றார் அப்பா. மறுநாள் இருட்டுப் பிரியும் முன்பே வாசலில் யாரோ ஒரு கழி நூலை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அடுத்த நாள் இன்னொரு வீடு. தங்கள் பங்கிலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் பிரித்துக் கொடுத்தார்கள். யார் யார் என்று அப்பா விசாரிக்கவில்லை. வாசலில் நூலைப் பார்க்கும்போதெல்லாம் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்வார்.

அந்த நூலில் ஒரு பாவு தேறியது. மழை விட்ட ஒரு காலையில் தெருவில் இழுத்துக் கட்டினோம். எப்போதும் தெருப் பெரியவர்கள் நிற்கிற, பாவின் தலைமாட்டில் அப்பா என்னை நிறுத்தினார். யாரும் முணுமுணுக்கவில்லை. கோச்சடைப் பையன் இருட்டோடு இருட்டாக நடந்து வந்து சேர்ந்திருந்தான், கை கொடுக்க. “எப்ப நிக்கணும், எப்ப நகரணும்னு சொல்லு தாயி. இம்புட்டு நூலையும் நா அத்துப்புட்டா என்ன பண்றது?” என்று பயந்தான். எட்டாவது பரீட்சைக்குக்கூட அவன் அப்படிப் பயப்படவில்லை. பிறகு அதை எழுதி, பாஸும் செய்தான்.

அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். காய்ச்சல் விட்டிருந்தது, பேச்சு வரவில்லை. வெறுங்கை. அவனுடைய நாடா குழிச் சேற்றில் போனது போனதுதான், பிறகு தண்ணீரை இறைத்தபோதும் கிடைக்கவில்லை. பாவில் வெயில் விழுந்து இழைகள் பளபளத்தன. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இழை!”

சன்னமான குரல். எங்கிருந்து வந்தது என்று திரும்பக்கூட முடியாது, திரும்பினால் அசைந்ததாகிவிடும். தெரு முழுக்க நின்றது. கோச்சடைப் பையன் ஒற்றைக் காலைத் தூக்கியபடி நின்றான். வரிசையாக உள்ளங்கைகள் பாவுக்கு அடியில் போயின. தம்பி அம்மா இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கினான். தளர்ந்த காலோடு நடந்து வந்து, பாவின் நடுவில் ஓரிடத்தில் விரலை வைத்தான்.

அப்பா போய்க் குனிந்தார். தலைமாட்டில் நின்ற எனக்கு நன்றாகத் தெரிந்தது, அங்கே எதுவும் அறுந்திருக்கவில்லை. எல்லா இழைகளும் முழுசாக இருந்தன. அப்பாவுக்கும் தெரிந்தது. அவர் நிமிரவில்லை. விரல்களை நூலுக்குள் கொடுத்து, இல்லாத நுனியைத் தேடி, இல்லாத முடிச்சை நிதானமாகப் போட்டார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, கஞ்சி காய்ந்துகொண்டிருந்தது, ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

“ஆச்சா?” என்று கேட்டான் தம்பி.

“ஆச்சுப்பா” என்றார் அப்பா. தெரு நகர்ந்தது.